தூண் வளைந்த அளவு

செண்பகவல்லியின் இதயத்தசையை அளக்கும் நாளில் அவளுடைய தகப்பனார் ஆவுடைநாயகம் தூணாக நின்றார். முறை அதுதான். அவளுடைய தோலிலிருந்து செல்களை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் தசையாக வளர்த்து, இரண்டு தூண்களுக்கு நடுவே மாட்டுவார்கள். தசை சுருங்கும்போது தூண் எவ்வளவு வளைகிறதோ அதுதான் இதயத்தின் பலம். ஒரு தூணைப் பிறந்த வீட்டார் தர வேண்டும். மற்றதைப் புகுந்த வீட்டார்.

எதிர்முனையில் சம்பந்தி இசக்கிமுத்து நின்றார். செண்பகவல்லி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் நாற்பது பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். அளவு கிடைக்கும்வரை அவளுக்குத் துடிப்பு கிடையாது. உயிருள்ளவர்கள் பதிவேட்டில் அவள் பெயர் பென்சிலால்தான் எழுதப்பட்டிருந்தது.

அளப்பவள் ரெஜினா. ஒரு கையில் அளவுகோல், மறு கையில் அழிரப்பர்.

தசை சுருங்கியது. இசக்கிமுத்து இடுப்பு மடிய வளைந்தார். ஆவுடைநாயகம் வளையவில்லை. அவர் வீட்டு வாசல்நிலைகள் எல்லாம் எட்டடி உயரம். ஆண்கள் தலைகுனிந்து உள்ளே வரக்கூடாது என்று மூன்று தலைமுறைக்கு முன்பே உயர்த்திக் கட்டியவை. அவருடைய தகப்பனார், கீழே விழுந்த மூக்குக்கண்ணாடியைத் தானே எடுத்ததில்லை.

ஒரு தூண் மட்டும் வளைந்தால் கணக்கில்லை, பூஜ்யம் என்று ரெஜினா அறிவித்தாள். பெயரின் கடைசி எழுத்தை அழித்தாள். செண்பகவல்லியின் வளையல்கள் ஓசையிழந்தன.

தூண் அசையாமல் நிற்பதுதானே சிறப்பு என்று ஆவுடைநாயகம் கேட்டார். தூண் அசையாவிட்டால் தசை இழுத்ததற்குச் சாட்சியே இல்லை என்று ரெஜினா சொன்னாள். ஏழு எழுத்தும் தீர்ந்தால் அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டுவிடுவாளாம்.

இரண்டாவது சுருக்கத்தில் சுவர்கள் ஓரடி நெருங்கி வந்தன. அவர் நகரவில்லை. இன்னோர் எழுத்து போயிற்று. செண்பகவல்லியின் நிழல் பெஞ்சை விட்டு எழுந்து வெளியே சென்றது.

"சம்பந்தி, கொஞ்சம் குனிஞ்சா மானம் என்ன கீழயா விழுந்துரும்?" என்றார் இசக்கிமுத்து.

"விழுந்தா எடுக்கதுக்கும் குனியணும்லா."

ஐந்து எழுத்துகள் போய்விட்டன. சுவர்கள் நெருங்கி நெருங்கி, சம்பந்தியின் மூச்சு ஆவுடைநாயகத்தின் முகத்தில் பட்டது. பெஞ்சில் இப்போது செண்பகவல்லியின் புடவை மட்டும் உட்கார்ந்திருந்தது. முதுகு வளையாமல், நேராக. அதற்குள்ளிருந்து குரல் வந்தது.

"எனக்காண்டி குனியாதீங்கப்பா. ஆளுக பாக்காங்க."

ஆவுடைநாயகம் புடவையைப் பார்த்தார். பிறகு காத்திருந்த நாற்பது பேரையும் பார்த்தார்.

"எல்லாரும் எந்திரிங்க," என்றார்.

யாருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. ரெஜினாவும் ஸ்டூலை விட்டு எழுந்தாள். கடைசி ஆள் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிற்கும்வரை அவர் பொறுத்திருந்தார். பிறகு குனிந்தார். முதுகில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை.

மூன்று மில்லிமீட்டர். ரெஜினா முழுப்பெயரையும் மையால் எழுதினாள். புடவைக்குள் ஆள் வந்தது. செண்பகவல்லி இருமினாள். நிமிடத்துக்கு எழுபத்திரண்டு என்று துடிப்பு ஓடத் தொடங்கியது. ஆவுடைநாயகமும் நிமிடத்துக்கு எழுபத்திரண்டு முறை குனிந்தார்.

சற்று நேரம் கழித்து, தாங்கள் உட்காரலாமா என்று நாற்பது பேரில் ஒருவர் பணிவாகக் கேட்டார்.

"எம் மவ நூறு வயசு இருப்பா," என்றார் அவர், குனிந்தபடியே. "நில்லுங்க."