ரஞ்சன் கூட்டிவந்த சாட்சி

சிங்கப்பூர் தேக்காவில் நெய்த்தோசையும் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயும் வாங்கிக் கொடுத்து, ரஞ்சன் தன் அம்மா மங்களத்தைச் சாட்சி சொல்லக் கூட்டிப் போனான். அடேயப்பா, என்ன பாசம்! மங்களம்தான் தோசையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தாள்.

"அவ பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா, நான் பார்த்தேன்னு சொல்லுங்கம்மா. அவ்வளவுதான்."

"சரிப்பா."

"சொதப்பிடாதீங்க லா. அப்புறம் வீட்டுல போய்த்தான் பேசணும்."

வழுக்கி விழுந்தாளாம்! மருமகள் வைஷாலியின் தலையை அவன் சமையலறைக் கதவில் மோதியபோது, மங்களம் பக்கத்தில் நின்று பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். புருவத்தில் தையல் போட்ட கையோடு வைஷாலி பிடோக்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பிபிஓ என்று எல்லாரும் சொல்லும் பாதுகாப்பு ஆணை கேட்டு மனுவும் போட்டாள். அது கிடைத்துவிட்டால், அப்புறம் அவன் கை ஓங்கினால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். கண்ணால் பார்த்த ஒரே ஆள் மங்களம்தான். அவளும் ரஞ்சன் தரப்புச் சாட்சி.

பொங்கோலில் இருக்கும் வீட்டில் இப்போது அவனும் அம்மாவும் மட்டும். பெண்டாட்டி போய்விட்டாளே தவிர, அவன் கை சும்மா இருக்கவில்லை. போன வாரம் குழம்பில் உப்புக் குறைந்ததற்கு மங்களத்தின் தோள் வீங்கியது. உண்மையைச் சொல்லிவிட்டாலும் அதே வீட்டுக்குத்தான் அவன்கூடத் திரும்பிப் போகவேண்டும்.

குடும்ப நீதிமன்றத்தில் பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போனாள். வைஷாலி இவள் பக்கம் திரும்பவேயில்லை. எப்படித் திரும்புவாள்? கல்யாணமான நாளிலிருந்து "கொஞ்சம் பொறுத்துப் போம்மா" என்று ஒரே பாட்டைப் பாடிய மாமியார் ஆயிற்றே! ரஞ்சன் மட்டும் அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சும்மா?" நீதிபதி கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"பாத்ரூம்ல..." என்று தொடங்கியவள் நிமிர்ந்து பார்த்தாள். வைஷாலியின் புருவத்தில் அந்தத் தழும்பு அப்படியே தெரிந்தது. சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று மங்களத்துக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"இல்ல மேடம். இவன்தான் அவ தலையப் புடிச்சுக் கதவுல மோதினான். நான் பக்கத்துலயே நின்னேன். தடுக்கல."

"அம்மா!" ரஞ்சன் எழுந்துவிட்டான். அவனை உட்காரச் சொன்னார்கள்.

இன்னும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, நீங்கள் போகலாம் என்றார் நீதிபதி. மங்களம் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

"எங்க மேடம் போறது? நான் இவன்கூடத்தானே வீட்டுக்குப் போகணும்? அவளுக்குக் குடுக்குற ஆர்டர எனக்கும் குடுங்க."