மஞ்சுளாவின் கைப்பட்டை

…ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டால், ஏறலையேப்பா என்கிறார் டாக்டர் அண்ணாதுரை, ஏறவில்லைதான், ஊசி தங்கச்சி மஞ்சுளாவின் கைக் குழாய் வரைக்கும் வந்துவிட்டது, காய்ச்சலில் பாதிக் கண்ணைத் திறந்து, ‘இன்னா ஊசி சிஸ்டர் இது?’ என்று மஞ்சுளா கேட்டாள், நர்ஸ் ஷாரோன் பெயரைச் சொன்னதும், ‘ஐயோ, போன வருஷம் இதே ஆஸ்பத்திரியில இதைப் போட்டுத்தான் மூஞ்சி வீங்கி மூச்சு நின்னுச்சு’ என்று கையை இழுத்துக்கொண்டாள், அவ்வளவுதான், அந்தப் பாதிக் கண்ணும் மூடியிருந்தால்? நான் அப்போது வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன், டீயில் சர்க்கரை கம்மி என்று கடைக்காரனோடு சண்டை வேறு… இப்போது மறுபடி தூங்குகிறாள், வேலையில் தகடு கிழித்த கை தலையணை மேல் வீங்கிக் கிடக்கிறது, வேறு மருந்து கொண்டுவர ஷாரோன் போயிருக்கிறாள், நான் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இனி எந்த ஊசியைப் பார்த்தாலும் எனக்கு அதே ஊசிதான்.

கம்பெனியில் இதற்கு, நடக்கவிருந்து நூலிழையில் தப்பிய விபத்துக்கு, நியர் மிஸ் என்று பெயர். ஒரகடம் முழுக்க எல்லாக் கம்பெனியிலும் அதற்கொரு போர்டு உண்டு, மாதம் ஆளுக்கொன்று எழுதிக் கொடுக்க வேண்டும், தரையில் ஆயில், படியில் ஈரம், நல்லதாக எழுதினவனுக்கு டிபன் பாக்ஸ். பிரஸ் மிஷினில் என் சட்டைக் கை மாட்டியதை நான் நிஜமாகவே எழுதினேன், சூப்பர்வைசர் திருமலை கிழித்துப் போட்டான், ‘லைனை நிறுத்திடுவானுங்க மச்சான், வேற எதுனா எழுது, ஆயில்னு எழுது.’ அந்த நைட் ஷிப்டில் பாதியில் இறங்கி வந்தவன்தான், திரும்பப் போகவில்லை, வீட்டில் எனக்குத் திமிர் என்றார்கள், அதே திருமலையிடம் தங்கச்சியைக் காண்ட்ராக்டில் சேர்த்தும் விட்டார்கள். இங்கே போர்டுகூட இல்லை. ஏறலையே, முடிந்தது.

இந்த ஊசி இவளுக்கு ஆகாதென்று போன வருஷமே கம்ப்யூட்டரில் சிவப்பு எழுத்தில் ஏற்றியிருந்தார்களே, அது எங்கே போனது? எங்கேயும் போகவில்லை, என் தங்கச்சி மஞ்சுளாவின் கம்ப்யூட்டர்ப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது, டாக்டர் திறந்தது வேறொரு மஞ்சுளாவின் பக்கத்தை. காண்ட்ராக்ட் பெண்கள் எல்லோருக்கும் இங்கே ஒரே போன் நம்பர், அவர்களை மேய்க்கிற திருமலையின் நம்பர், முகவரியும் காண்ட்ராக்ட் ஆபீஸ்தான், அப்போதுதான் பில் பாஸாகும். காலையில் கவுண்டரில் நம்பர் கேட்டார்கள், சொன்னேன், தட்டினார்கள், பெயர்களாக வந்து விழுந்தன, அதில் இரண்டு மஞ்சுளா, மேலே இருந்தவளை அமுக்கினார்கள். போன மாதம் இதே மருந்து ஒத்துக்கொண்டதென்று அதில் இருந்ததால் டெஸ்ட் ஊசியும் வேண்டாமென்று விட்டார்களாம், போன மாதம் என் தங்கச்சி இங்கே வரவே இல்லை, வந்தது அந்த மஞ்சுளா. யார் அவள்? எந்த லைனில் நிற்கிறாள்?

ஷாரோன் வந்துவிட்டாள். ‘பயப்படாதீங்கண்ணா, ஆகாதுன்னு டாக்டர் சிவப்புல ஏத்திட்டாரு, இனிமே வராது.’ எதில் ஏற்றினார்? திறந்திருந்த பக்கத்தில்தானே… குனிந்து தங்கச்சியின் மணிக்கட்டைப் பார்த்தேன், ஆஸ்பத்திரிப் பட்டையில் மஞ்சுளா, வயசு இருபத்தாறு, இவளுக்கு இருபத்திரண்டு. மருந்தை மாற்றிவிட்டார்கள், ஆளை மாற்றவில்லை. நாளைக்கு அந்த இன்னொரு மஞ்சுளா வந்து படுத்தால் அவளுக்குத் தேவையானதைக் கொடுக்க மாட்டார்கள், இவள் வந்தால் எந்தப் பக்கம் திறக்குமோ, திறக்கிறவன் விரலைப் பொறுத்தது.

‘சிஸ்டர், நிறுத்துங்க, இது இவ பட்டை இல்ல.’

‘பேரு மஞ்சுளாதானேண்ணா?’

‘வயசைப் பாருமா.’

பார்த்தாள், மருந்துத் தட்டை ஜன்னல் ஓரம் வைத்தாள், இவளைத் திட்டி என்ன பிரயோஜனம். ‘புதுப் பக்கம் போட்டுக்கலாம்ணா, இவங்க சொந்த நம்பர் சொல்லுங்க, காண்ட்ராக்ட் நம்பர் வேணாம்.’

வாயைத் திறந்தேன், திருமலையின் நம்பர் வந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அது வரும், தங்கச்சியின் நம்பர் வரவில்லை, முதல் எண்ணே வரவில்லை… பார்த்துச் சொல்லலாமென்று போனை எடுத்தேன். திரையில் அதே நம்பர்தான், திருமலை கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.