எண்ணெய்க் கம்பெனி நாற்காலிகள்

வாகியெம் நாற்காலியைக் கவிழ்த்து முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, அதன் முதுகில் புடைத்திருந்த எழுத்துகளைப் பிளேடால் சீவினாள். பச்சைச் சுருள்கள் மடியில் விழுந்தன. இந்தோனேசியாவின் டாங்கெராங் நகரில் இருந்த அந்த ஆலையின் பின்கொட்டகையில் அதே பச்சை நாற்காலிகள் கூரையைத் தொட நின்றன. எல்லாவற்றின் முதுகிலும் ஒரு சமையல் எண்ணெய்க் கம்பெனியின் பெயர். பக்ஸோ என்னும் இறைச்சி உருண்டை சூப் விற்கும் கடைகளுக்கு இலவசமாகக் கொடுக்க அந்தக் கம்பெனிதான் ஆர்டர் போட்டிருந்தது. வார்த்து முடித்த வாரம் அதன் முதலாளி ஜெயிலுக்குப் போனார். அங்கே நாற்காலி தேவைப்படவில்லை.

நிர்வாகம் முதலில் ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தது. போர்வைக்குள் படுத்திருப்பவனின் முழங்கால் மாதிரி எழுத்து மேலே தெரிந்தது. பெயின்ட் அடித்துப் பார்த்தது. எண்ணெய்க் கம்பெனி முன்பைவிடப் பளபளத்தது. பிறகுதான் எழுத்தைச் சீவியெடுத்து வெளியே விற்கத் தற்காலிக ஆட்களை எடுத்தார்கள்.

"நல்லா செய்யிற ஒருத்தரை நிரந்தரமாக்கச் சொல்றேன்" என்று சூப்பர்வைசர் சுகெங் சொல்லியிருந்தான். நாற்பது தாண்டியவளை அந்த ஊரில் எந்த ஆலை வாசலிலும் நிற்க விடுவதில்லை. வாகியெமுக்கு நாற்பத்து மூன்று. இந்த வேலை போனால் இன்னொன்று கிடையாது.

சீவிய இடம் வெளுத்துப்போகும். தண்ணீர் தொட்டு, முரட்டு உப்புத்தாளில் தொடங்கி வழவழப்பான தாள்வரை தேய்க்க வேண்டும். கடைசியில் சூட்டுக்காற்று ஊத வேண்டும். கொஞ்சம் கூடினால் பிளாஸ்டிக் கொப்புளிக்கும். குறைந்தால் வெளுப்பு போகாது. நிறம் திரும்புகிற அந்த இடத்தில் வாகியெம் கையை இழுத்துவிடுவாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவுவாள்.

"அக்கா, பொண்ணு பார்க்க வந்தவ மாதிரி தடவுறீங்க. உக்காரப்போறவன் பக்ஸோ திங்கத்தான் வர்றான்" என்றான் பக்கத்தில் இருந்த தரியோ.

"உன் நாற்காலியில சாய்ஞ்சா அவன் முதுகுல எண்ணெய் விளம்பரம் அச்சாகும்டா."

அவள் சொன்னது பொய்யில்லை. தரியோவின் நாற்காலிகளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தால் பெயர் நிழலாக எழுந்து வரும். புதிதாக வாங்கியவர்கள் அவற்றை லாரியோடு திருப்பி அனுப்பினார்கள். வாகியெமின் நாற்காலி ஒன்றுகூடத் திரும்பவில்லை. வாங்கியவர்கள் தரப்பிலிருந்து வந்திருந்த பெண் அதிகாரி அவற்றில் ஒன்றை மூன்று பக்கமும் திருப்பிவிட்டு, "இதுல எழுத்து இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சும்மா" என்றாள் வாகியெம். அன்று முழுக்க அவள் கழுத்து நேராகவே இருந்தது.

குவியல் தீர்ந்த அன்று சுகெங் அவளைக் கூப்பிட்டான்.

"அக்கா, தரியோவை நிரந்தரமாக்கிட்டாங்க."

"அவனோடதெல்லாம் திரும்பி வந்துச்சே."

"அதான் அக்கா. திரும்பி வந்ததைச் சரிபண்ண ஆள் வேணும். உங்க சரக்கு வரவே இல்ல. இனிமே உங்களுக்கு என்ன வேலை இருக்கு, காட்டுன்னு ஆபீஸ்ல கேக்குறாங்க. நான் எதைக் காட்டுறது?"

தரியோ தலையைச் சொறிந்தான். "எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா."

"உன்னை யாருடா குத்தம் சொன்னா? சூட்டுக்காத்தைச் சீக்கிரம் எடு. கொப்புளம் வந்தா உன்னை ஜி.எம். ஆக்கிடப் போறாங்க."

வாசலில் சீருடைச் சட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுத்து வருகிறவருக்காகக் காவலாளி மார்னோ, சட்டைப் பையின் மேல் தைத்திருந்த பெயரைப் பிளேடால் பிரிப்பார். அவர் பிரித்த சட்டைகளில் ஊசித்துளைகள் அப்படியே நிற்கும்; யார் சட்டை என்று தூரத்திலிருந்தே வாசிக்கலாம்.

"குடுங்கண்ணே, துணியைக் கிழிச்சிடுவீங்க" என்று வாகியெம் பிளேடை வாங்கிக்கொண்டாள்.

பெஞ்சில் உட்கார்ந்து தன் பெயரைப் பின்பக்கத்திலிருந்து ஒவ்வொரு நூலாக அறுத்து உருவினாள். குழாயில் விரலை நனைத்து, துளைகள்மேல் நகத்தால் குறுக்கும் நெடுக்கும் நீவினாள். இழைகள் நகர்ந்து மூடிக்கொண்டன. சட்டையை வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தாள். கண்ணை மூடிக் கட்டைவிரலால் தடவினாள்.

மார்னோ வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பினார்.

"இதுல பேரு இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு, கழுத்து நேராக அவள் சாலையில் இறங்கினாள்.