படத்தில் இல்லாத தூக்குவாளி

ஸுஹைர் உட்காரச் சொன்னானா, கால் வலித்து நானாகவே உட்கார்ந்தேனா... இதைச் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம், ஆனால் தூக்குவாளி பக்கத்தில் இருந்தது, நிறையப் புளிச்சோறு, அதில் சந்தேகமே இல்லை. ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ்ஸும் இல்லை, எதிரே வேலைநிறுத்தப் பந்தல், உள்ளே கண்டக்டரும் சங்கத்தின் கிளைச் செயலாளருமான என் வீட்டுக்காரர் காளிதாஸும் மற்ற தொழிலாளர்களும். அவர்களுக்குத்தான் சோறு. இடுப்பில் இருந்த பிள்ளை வெயிலுக்கு அழுதாள், நிழலில் உட்கார்ந்து பந்தலைப் பார்த்தேன், எங்கள் தெரு ஸுஹைர், பேப்பர் நிருபர், "அங்கனயே பாருங்கக்கா" என்று படம் எடுத்தான். மறுநாள் பேப்பரில் கால் பக்கத்துக்கு நான், கீழே 'பஸ் ஓடாததால் கைக்குழந்தையுடன் தவிக்கும் பெண்', பந்தல் இல்லை, வாளி இருந்த இடத்தில் படமே முடிந்துவிட்டது. நிர்வாகம் புது ஆள் எடுக்காமல் இரட்டை ஷிப்ட் ஓட்டச் சொல்வதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏன் நிறுத்தினார்கள் என்பது செய்தி இல்லையா?

போன் போட்டேன். "நான் முழுசாத்தான் அனுப்புனேன்க்கா, ஆபீசுல வெட்டிட்டாக. மறுப்பு போடச் சொல்றேன்" என்றான். எந்தப் பக்கத்தில் என்று கேட்டேன். "எடம் இருந்தா..." என்று இழுத்தான். சரி, பேப்பரை நம்பிப் பயனில்லை, மறுபடியும் சோறு கிண்டி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்... செயலாளர் பெண்டாட்டியே தவிக்கிறாள் என்றால் அவர் பேச்சைக் கேட்டு யார் உட்காருவார்கள், ஏற்கனவே நாலைந்து பேர் டியூட்டிக்குப் போகலாமா என்று முணுமுணுக்கிறார்களாம், இன்று பந்தல் கலைந்தால் அது என் முகத்தால்தான். பயமில்லை, கோபம்தான் இருந்தது, கோபம் கால்களுக்கு நல்லது.

பந்தலில் பேப்பர் எல்லார் கையிலும். டிரைவர் கூத்தையா எழுந்து கும்பிட்டார். "வாங்க மதினி, பஸ்ஸு கெடச்சுச்சா?" ஒரே சிரிப்பு, காளிதாஸ் மட்டும் தரையைப் பார்த்தார். "பஸ்ஸுக்கு நிக்கல கொழுந்தனாரே, பஸ்ஸ நிப்பாட்டுனவுகளுக்குச் சோறு கொண்டாந்தேன், வாளிய வெட்டிப்புட்டாக. நாளைக்கும் வாரேன், அதையும் படம் எடுக்கச் சொல்லுங்க." அந்தப் பேப்பரையே விரித்து அதன்மேல் வாளியை வைத்தேன். முணுமுணுத்தவர்கள்தான் முதலில் தட்டை நீட்டினார்கள், யாரும் எழுந்து போகவில்லை. சோறு போடும்போதுதான் அது தோன்றியது... போன வருடம் துப்புரவுத் தொழிலாளர் போராட்டத்தில், குப்பைக்குப் பக்கத்தில் மூக்கைப் பொத்திய ஒரு பெண்ணின் படம், 'நாறும் நகரம்', பாவம் என்று படித்து மடித்து வைத்தேனே, அவள் யார் வீட்டுப் பெண், அவளுக்குப் பக்கத்தில் என்ன இருந்தது?

பேச்சுவார்த்தையில் பாதிக் கோரிக்கை கிடைத்தது. காளிதாஸைப் பரமக்குடிக்கு மாற்றினார்கள். கூத்தையா ஓய்வு பெற்றார். ஸுஹைர் துபாயில் இருக்கிறான். மறுப்பு வரவேயில்லை. என் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள். மூக்கைப் பொத்திய பெண் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது.