மேடான பள்ளம்

எரிமலைச் சரிவில் பிளவு வாய் திறந்த பன்னிரண்டாம் நாள் லாவா எங்கள் தெரு முனைக்கு வந்து சேர்ந்தது. ஆள் நடக்கிற வேகம்கூட அதற்கு இல்லை. இன்று ஓரிடத்தில் பார்த்துவிட்டுப் போனால், நாளைக்கு ஒரு தோட்டத்தைத் தாண்டியிருக்கும், அவ்வளவுதான். அதனால் யாரும் அலறிக்கொண்டு ஓடவில்லை. சன்னல்களைக்கூடக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

என் வீட்டுக்கும் ஹிசாஷி மோரினாகாவின் வீட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருந்தது. லாவாவும் தண்ணீரைப் போலத்தான், தாழ்ந்த இடம் தேடும். அந்தப் பள்ளத்தில்தான் இறங்கும் என்று நாங்கள் இருவரும் தனித்தனியே முடிவுக்கு வந்திருந்தோம். தனித்தனியே என்றால், எங்களுக்குள் ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. என் கோழிகள் அவருடைய ஆர்க்கிட் நாற்றுகளைக் கிளறிப் போட்டதில் தொடங்கிய சண்டை. என் கணவர் கெவாலு இறந்தபோதுகூட அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

காலையில் புல்டோசர் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். மோரினாகா தன் மருமகனின் வண்டியைக் கொண்டுவந்து, பள்ளத்தில் தன் பக்கத்துக் கரையை உயர்த்திக்கொண்டிருந்தார். அதற்குள் இடுப்புயரம் வந்துவிட்டது. அந்தக் கரை நின்றால் பள்ளம் நிரம்பியதும் லாவா என் பக்கம்தான் சரியும். அது அவருக்கும் தெரியும். என்னைக் கண்டதும் வண்டியை நிறுத்தினார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

சண்டை போடத்தான் போனேன். பக்கத்தில் போனதும், அந்த எழுபது வயது மனிதர் சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருப்பது தெரிந்தது. கேட்க நினைத்தது ஒன்று, வாயில் வந்தது வேறு.

"அங்கிள், அலமாரி ஒண்ணு இருக்கு. ஒத்தையில இறக்க முடியல. ஒரு கை குடுக்கிறீங்களா?"

சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். வாசலில் பூட்ஸைக் கழற்றியவர், உள்ளே அப்படியே நின்றுவிட்டார். தரையை முந்தின நாள்தான் தேய்த்துக் கழுவியிருந்தேன். கட்டிலில் புது விரிப்பு, மேசைமேல் ஒரு கிண்ணம் நிறையச் சிவப்பு லெஹுவா பூ.

"போகப்போற வீட்டை எதுக்குக் கழுவி வச்சிருக்க, கவேஹி?"

"வர்றது பேலே, எரிமலைச் சாமி. அவ மலை, அவ நிலம். குப்பையும் கூளமுமா வச்சுக்கிட்டா அவள உள்ள கூப்பிடறது?"

தன் அம்மாவும் புது வருடத்துக்கு முந்தின நாள் இப்படித்தான் முட்டி தேயத் தேய வீட்டைத் துடைப்பார் என்று சொன்னார். இருவருமாக அலமாரியை வண்டியில் ஏற்றினோம்.

பிற்பகலில் மறுபடியும் புல்டோசர் சத்தம். கட்டிய கரையை அவரே தள்ளிச் சமமாக்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் அவர் வீட்டுப் படியில் தரை துடைத்த துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

மறுநாள் மேட்டுச் சாலையில் நின்று இருவரும் பார்த்தோம். லாவா விரல் விரலாக நீண்டது. மேலே வெள்ளித் தோல் படியும், கண்ணாடி நொறுங்குவது போல் சத்தம் கேட்கும், தோல் கிழிந்து சிவப்பு எட்டிப் பார்க்கும். பள்ளம் நிரம்ப ஒரு பகல் ஆயிற்று. அதோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் மேலே ஓடு இறுகிய பிறகும் உள்ளே சூடு ஓடிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து வரவரப் போக வழியில்லாமல் அது மேலோட்டைத் தூக்கியது. அடுப்பில் ரொட்டி உப்புவதைப் போல, பள்ளத்துக்கு மேல் முழங்கால் உயரம் இருந்தது இரண்டு நாளில் ஆள் உயரத்தைத் தாண்டியது. மூன்றாம் நாள் ஓரம் வெடித்து, அவர் பக்கம் சரிந்தது.

கூரை இறங்கும்வரை மோரினாகா தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"அந்தக் கரை இருந்திருந்தா உன் வீடு போயிருக்கும்."

"ஆமா, அங்கிள்."

"தெரிஞ்சாச் சரி."

குத்தலாகச் சொல்லவில்லை. ஹிலோ நகரத்தில் இருக்கும் அவர் மகள் வீடுவரை அவரை நானே வண்டியில் கொண்டுபோய் விட்டேன். வழியில் நிறுத்திச் சாப்பிட்டோம். என் கோழிகளை இன்னும் மன்னிக்கவில்லை போல, முட்டையைத் தொடாமல் சோறு முழுவதையும் சாப்பிட்டார்.

லாவா சுற்றி வளைத்துப் போனதில் என் வீடு கருங்கல் கடலுக்கு நடுவில் ஒரு பச்சைத் தீவாக நின்றது. லெஹுவா பூக்கிற ஓஹியா மரங்கள் நான்கைந்தும் தப்பியிருந்தன. ஐந்து மாதம் கழித்து அவர் வந்தார். தடித்த பூட்ஸ் போட்டுக்கொண்டு இருவரும் அவர் நிலத்தின்மேல் ஏறினோம். மழை பெய்த இடங்களில் இன்னும் ஆவி வந்தது. வாரக்கணக்கில் லாவா உப்பிக்கொண்டே போனதில், அவருடைய சமையலறை எங்களுக்கு எட்டு மீட்டர் கீழே கிடந்தது. காடு எரிந்துபோனதாலும் நிலம் உயர்ந்ததாலும், அங்கிருந்து கடல் தெரிந்தது. அவர் அங்கே வாழ்ந்த நாற்பது வருடத்தில் ஒரு நாளும் தெரிந்ததில்லை.

"நிலம் இன்னும் என் பேர்லதான் இருக்கு," என்றார். "இனிமே எங்கூட பேசணும்னா நீ அண்ணாந்துதான் பார்க்கணும்."

அடுத்த கோடையில் அந்தப் பாறைமேல் மரத் தூண்கள் ஊன்றி, தகரச் சுவர் வைத்து, ஒற்றை அறை வீடு கட்டினார். கதவைக் கடல் பக்கம் வைத்தார். ஏறிப்போக வழி இல்லாததால், பாறையில் நான் பதினேழு படி வெட்டிக் கொடுத்தேன்.