பத்துக்குப் பத்து

சேதுராமனுக்குப் பரீட்சை என்று ஒன்று வந்துவிட்டால் சோறு தண்ணீர் வேண்டாம். சவூதியில், அல் கோபாரில் எண்ணெய்க் கம்பெனி என்ஜினியர். தன் பிள்ளைகளோடு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் உட்காரவைத்து, உருப்போட வைத்து, கரையேற்றிவிட்டவர். மகன் பாலமுரளிதான் கைநழுவிப் போனான். அங்கே அமெரிக்கன் ஸ்கூலில் பிடித்த ஃபுட்பால் பைத்தியம், பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால், என்ஜினியரிங் படிக்க அமெரிக்கா போனவனை அங்கேயே ஒரு அணியில் சம்பளத்துக்குச் சேர்த்துவிட்டது.

எதிரணி உதைத்து அனுப்பும் பந்தைப் பிடித்து, தன்னை வீழ்த்த முழு வேகத்தில் ஓடிவரும் தடியர்களுக்கு நடுவே புகுந்து ஓட வேண்டும். அதுதான் அவன் வேலை. இரண்டு வாரம் அடிபட்டு உட்கார்ந்தால் வேலை போய்விடும்; அந்த இடத்துக்கு வெளியே பெரிய வரிசையே நிற்கிறது. இதெல்லாம் ஒரு உத்தியோகமா என்று முகத்தைத் தூக்கிவைத்திருந்த சேதுராமன், மகன் ஒருமுறை மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடியதை டிவியில் பார்த்தபின் ஆஃபீஸில் ஒருவரையும் விடாமல் நிறுத்திச் சொன்னார்.

2005 நவம்பரில் முரளிக்குத் தலையில் பலத்த அடி. தானாகவே எழுந்து நடந்தான், ஆனால் எதிரணியின் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். டாக்டர் பத்து வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்சம் பொறுத்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். பாதிகூட வரவில்லை. அடுத்த வாரச் சோதனையில் தேறினால்தான் மைதானத்தில் இறங்கலாம் என்றார்கள்.

"இந்த தடவையும் விட்டா என்னை கட் பண்ணிடுவாங்கப்பா," என்று ஃபோனில் புலம்பினான். "போன வருஷம் அடிபட்டு இதே டெஸ்ட் எழுதின ஒரு பிளேயர்கிட்ட வேர்ட்ஸ் வாங்கிட்டேன். எப்பவும் அதே பத்துதானாம். ஆனா மனசுல நிக்கவே மாட்டேங்குது."

"போன வருஷ கொஸ்டின் பேப்பரே கையில இருக்கா? அப்புறம் என்னடா பயம்."

டாக்டர் எதற்காகக் கேட்கிறார் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். பரீட்சை என்று காதில் விழுந்தபின் அந்த மனுஷனுக்கு வேறெதுவும் விழாது. தடுப்பதற்கு மனைவி பத்மாவும் இல்லை, மகள் தாரிணியின் பிரசவத்துக்குச் சென்னை போயிருந்தாள். தினமும் டூட்டி முடிந்து வந்ததும் அமெரிக்காவுக்கு ஃபோன் போட்டார். டிக்கெட் வாங்கிய ஒருவன் மெழுகுவர்த்தியைத் தோளில் வைத்துக்கொண்டு ஆற்றைக் கடந்ததாக ஒரு கதை கட்டி, பத்தையும் அதற்குள் அடைத்துக் கொடுத்தார்.

சோதனைக்கு முந்தைய நாள் பத்தும் மணிமணியாக வந்தன. கடைசியிலிருந்து கேட்டார், அப்படியும் சொன்னான்.

"சபாஷ்டா. ஒரு குட் நியூஸ், தாரிணிக்குப் பையன் பொறந்திருக்கான். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

முரளி சிரித்தான். குழந்தை யார் ஜாடை என்று கேட்டான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள்.

"அதிருக்கட்டும், தாரிணிக்கு எப்பப்பா டெலிவரி?"

விளையாடுகிறான் என்று நினைத்தார். "இப்பத்தானேடா சொன்னேன்."

"எனக்கு யாருமே சொல்லலையே," என்றான். குரலில் வருத்தம் இருந்தது.

சேதுராமனுக்கு அப்போதுதான் உறைத்தது. உருப்போட்டது நிற்கிறது, சற்றுமுன் கேட்டது நிற்கவில்லை. இந்தத் தலையோடு பிள்ளையை அந்தத் தடியர்களிடம் அனுப்புவதற்கா இத்தனை நாள் பாடம் எடுத்தோம்?

"முரளி, டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிடு."

"சொன்னா எல்லாம் முடிஞ்சுது. பாஸ் பண்ணு, பாஸ் பண்ணுன்னு என்னை வளர்த்தது நீங்கதானே? இப்ப பேசாம இருங்கப்பா, ப்ளீஸ்."

ஃபோனை வைத்துவிட்டான். அன்று சேதுராமன் சாப்பிடவில்லை. மகனுக்குத் தெரிந்தது அந்த ஓட்டம் ஒன்றுதான். அதை அவனிடமிருந்து பிடுங்க மனசு வரவில்லை. மறுநாள் மாலைதான் துணிந்து அணியின் டாக்டரைக் கூப்பிட்டார். உங்கள் மகன் சற்றுமுன்தான் பத்துக்குப் பத்து வாங்கினான் என்று டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார். வாழ்நாளெல்லாம் முரளியைப் பற்றிக் கேட்க ஏங்கிய வார்த்தை. அதைக் கேட்டுக்கொண்டே, வார்த்தைகள் முன்கூட்டியே கிடைத்ததையும், தானே உட்காரவைத்து உருப்போட வைத்ததையும், குழந்தை பிறந்த சேதி மகன் தலையில் தங்காததையும் சொல்லிவிட்டார்.

அந்த வாரமே அணி முரளியை விலக்கியது. அப்பாவின் ஃபோனை அவன் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்மா கூப்பிட்டாள். பின்னால் பேரன் அழுதுகொண்டிருந்தான்.

"முரளி இந்த வாரம் விளையாடறானாங்க?"

"இல்ல."

"ஏன், அந்த டெஸ்ட்ல பாஸ் பண்ணலையா?"

"அவன் பாஸ் பண்ணிட்டான் பத்மா. நான்தான் ஃபெயிலாக்கிட்டேன்," என்று சொல்லிவிட்டு சேதுராமன் அழுதார்.