சேலம் வரை மெதுவாக

1

ஒளிப்பானேன், இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது. ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் மாடிக்கும் பவன் வீட்டு வாசலுக்கும் நடுவில் ஒரு மாமரம்தான். காதுக்கு அது தடையில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘நீல வானில் ஒரு வெள்ளைப் பறவைபோல அந்தச் சிறு விமானம்...’ (விட்டுவிட்டேன். பார்த்தது போலப் பொய் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.)

பவன் மில்காரர் வீட்டுப் பிள்ளை. பங்காளிகள் கார் மாற்றிக்கொண்டிருக்க, இவர் இரண்டு பேர் உட்காரும் விமானத்தை வாங்கி ஓட்டுகிறார். விவாகரத்தாகி மூன்று வருடம். பத்து வயது மகள் ரித்திகா சேலத்தில் தாய் சைத்ராவோடு. மாதத்தில் இரண்டு ஞாயிறு அப்பாவிடம். மாலை ஆறு மணிக்குள் சேலத்தில் இறக்கிவிட வேண்டும். கோர்ட் உத்தரவு.

2

விமான மெக்கானிக் காளிச்சாமி ஒரு திங்கட்கிழமை பவன் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏனுங்க, பிளக்குப் பூரா கரி புடிச்சுக் கெடக்குதுங்க. இஞ்சினை அடக்கி அடக்கியே ஓட்டறீங்களாட்ட இருக்குது?”

“பெட்ரோல் மிச்சமாகுமில்லீங்க.”

“மிச்சம் புடிக்கறவரு ஏனுங்க ஏரோப்ளேன் வாங்கோணும்?”

மாடியில் எனக்குச் சிரிப்பு. அப்புறம் காளிச்சாமியைத் தெருமுனையில் மடக்கி விவரம் கேட்டேன். இஞ்சின் வேகத்தை எதில் வைத்தால் எவ்வளவு நேரமாகும் என்று விமானக் கையேட்டில் ஒரு அட்டவணையே இருக்கிறதாம். நிமிடத்துக்கு 2500 சுற்று வைத்தால் சேலம் முக்கால் மணி நேரம். 2100 வைத்தால் ஒரு மணி நேரம். மகளோடு போகும்போது பவன் வைப்பது 2100.

பதினைந்து நிமிடம். அதற்காகத்தான் அத்தனை கரி.

(தனியாகத் திரும்பும்போதாவது வேகமாக வருவார் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அப்போதும் 2100தானாம். வீட்டில் யார் காத்திருக்கிறார்கள்?)

அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை ஊரே புகழும். சேலம் போகிற ஆளை அது முதுகில் தள்ளிச் சீக்கிரம் சேர்த்துவிடும். அந்தக் காற்றைத் திட்டுகிற ஒரே கோயமுத்தூர்க்காரர் இவர்தான்.

3

பவனை ரொம்ப நல்லவராக்குகிறேனோ? விவாகரத்தில் அவர் பக்கமும் தப்பு உண்டு. அதுவும் எனக்குத் தெரியும். சொன்னால் நீங்கள் அதையே பிடித்துக்கொண்டு இதை விட்டுவிடுவீர்கள்.

போன மாதம் இரண்டு தடவையும் ஆறு தாண்டிவிட்டது. போன் ஸ்பீக்கரில் சைத்ராவின் குரல்: “இன்னொருக்கா லேட்டாச்சுன்னா வக்கீல்தான் பேசுவாருங்க. அப்பறம் ஞாயித்துக்கெழமையே கெடையாது.”

4

இதற்கு மேல் ஒட்டுக்கேட்க வழியில்லை. இரண்டே இருக்கை, எனக்கு யார் இடம் கொடுப்பார்கள்?

ஆனால் இந்தத் திங்கட்கிழமை பவனே எங்கள் வீட்டுக்கு வந்தார். சொல்லிக்கொள்ள ஆளில்லாதவர், தெரு முழுக்கச் சொல்லக்கூடிய என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

முந்தைய நாள் அப்பாவும் மகளும் ஐந்து பத்துக்குக் கிளம்பியிருக்கிறார்கள். காற்றே இல்லை. அவிநாசி தாண்டும்போது, வழக்கம்போல இஞ்சினை அடக்க அவர் கை, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலுக்குப் போயிருக்கிறது.

“நைனா, இன்னிக்கு வேகமாப் போலாமுங்களா?” அப்பா அவளுக்கு நைனா.

“ஏன் கண்ணு?”

“எங்கூடப் படிக்கற நவ்யாவுக்குப் பொறந்தநாளுங்க. ஆறரைக்குக் கேக் வெட்டறாங்க.”

பவன் கை திராட்டிலிலேயே நின்றுவிட்டது.

“நீங்க எப்பவும் மெதுவாத்தான் வெப்பீங்கன்னு தெரியுங்க நைனா. பொஸ்தகத்துல அந்த டேபிளைப் பாத்துட்டேன். அம்மாகிட்டச் சொல்லலை. ரெண்டு தடவையும் எதிர்க்காத்துன்னு சொல்லிப்போட்டேன்.”

5

முடிவு ஒன்று: 2500. ஐந்து ஐம்பத்தைந்துக்கு இறங்குகிறார்கள். பிள்ளை திரும்பிப் பார்க்காமல் காருக்கு ஓடுகிறது.

முடிவு இரண்டு: 2100. ஆறு பத்து. பிள்ளை மூன்றாவது தடவையும் எதிர்க்காற்று என்கிறது. சைத்ரா

(பாதியில் விட்டேன். அந்தப் பொய்யை இன்னொரு முறை பிள்ளை வாயில் வைக்க மனசு வரவில்லை. முதல் முடிவையும் எழுத வரவில்லை.)

“அப்பறம் என்ன பண்ணுனீங்க?” என்று நான் கேட்டிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. பவன் காபியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்; குடிக்கவில்லை. என் ஆயுளில் முதல் தடவையாகக் கேட்காமல் விட்டேன்.

“வாரேங்க்கா” என்று எழுந்து போய்விட்டார்.

உங்களுக்குத் துணிச்சல் இருந்தால் முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மணி ஐந்து இருபது. அவர் கை திராட்டிலில் இருக்கிறது. பிள்ளை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறது.